நண்டின் கொடுக்கில் கால்சியத்துக்கு என்ன வேலை, பெப்டைடுக்கு என்ன வேலை?

முதுகலை விலங்கியல் படிக்கும் ஒருவர் கேட்டது: "நரம்பு முனைக்குள் கால்சியம் நுழைந்ததும் நரம்பியக்கடத்தி வெளியேறுகிறது, தசை சுருங்குகிறது என்று படித்திருக்கிறோம். நண்டு, இறால் வகைகளில் இதற்கு மேல் நியூரோபெப்டைடுகளும் வேலை செய்கின்றன என்கிறார்கள். குளுட்டமேட் இருக்கும்போது பெப்டைடு எதற்கு? நரம்பிலுள்ள கால்சியம் சேனலும் தசையிலுள்ள கால்சியம் சேனலும் ஒன்றா? பெப்டைடை மட்டும் தசைமேல் விட்டால் அது சுருங்குமா?"

மூன்றாவது கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்லிவிடலாம்: சில தசைகளில் சுருங்கும், சிலவற்றில் ஒன்றுமே நடக்காது. அந்த "ஒன்றுமே நடக்காது" என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதற்கு முன், எல்லாவற்றையும் நம் உடம்பை வைத்தே யோசிக்கும் பழக்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்க வேண்டும்.

நம் தொடைத் தசையில் ஒவ்வொரு நாருக்கும் ஒரு நரம்புக் கிளை, ஒரே இடத்தில் வந்து அமர்கிறது. மின்துடிப்பு வந்தால் நார் முழுக்கத் துடிக்கும், வராவிட்டால் சும்மா கிடக்கும். மெல்லத் தூக்குவதற்கும் பலமாகத் தூக்குவதற்கும் வேறுபாடு பெரும்பாலும் எத்தனை நரம்பணுக்களை வேலைக்குக் கூப்பிடுகிறோம் என்பதில் வருகிறது. ஒரு தசைக்கு நூற்றுக்கணக்கான இயக்க நரம்பணுக்கள் இருப்பதால் இப்படி ஆள் கூட்டிக் குறைத்துச் சமாளிக்க முடிகிறது.

நண்டிடம் அந்த ஆள்பலம் கிடையாது. சந்தையில் உயிர் நண்டின் கொடுக்கைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விரலை நசுக்கும் அளவுக்கு பலம் உள்ள பிராணியை ஒரு சணல் கயிறு எப்படி அடக்குகிறது? கொடுக்கை மூடும் தசைதான் பெரியது. விரிக்கும் தசை சிறியது, பலம் குறைந்தது. கயிறு எதிர்த்து நிற்க வேண்டியது அந்தச் சிறிய தசையை மட்டுமே. அந்தத் தசையைக் கிளர்த்துவது ஒரே ஒரு நரம்பணு. தசை முழுவதற்கும் ஒன்றுதான். அது எல்லா நார்களுக்கும் கிளை பிரிந்து, ஒவ்வொரு நாரிலும் பல இடங்களில் இணைப்புப் போட்டிருக்கிறது.

கிரேஃபிஷில் இன்னும் விசித்திரம். கிரேஃபிஷ் என்பது நன்னீரில் வாழும், சிங்கி இறாலின் சிறு உருவம்போல இருக்கும் பிராணி. நம் நாட்டு ஆறு குளங்களுக்கு உரியதல்ல. அமெரிக்காவின் லூசியானா பக்கத்துச் சிவப்புக் கிரேஃபிஷான புரோகேம்பரஸ் கிளார்க்கிதான் ஆய்வகங்களில் அதிகம். அதன் கொடுக்கை விரிக்கும் தசைக்கும், கொடுக்கை முன்னே நீட்டும் தசைக்கும் சேர்த்தே ஒரு கிளர்த்தும் நரம்பணுதான். இரண்டு தசைக்கு ஒரே கம்பி! அப்படியானால் நீட்டாமல் விரிப்பது எப்படி? தடுக்கும் நரம்புகள் தனித்தனியாக இருக்கின்றன. நீட்டும் தசையைத் தடுத்துவிட்டால் விரிப்பது மட்டும் நடக்கும். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் 1930களிலிருந்து கொர்னேலிஸ் வியர்ஸ்மா போன்றவர்கள் பொறுமையாக நரம்பு நரம்பாகப் பிரித்துக் கண்டுபிடித்த அமைப்பு இது.

கூட்டிக் குறைக்க ஆளே இல்லாதபோது, இருக்கிற ஒரு நரம்பு பேசும் பேச்சின் அளவைத்தான் கூட்டிக் குறைக்க முடியும். அந்தக் கூட்டல் குறைத்தல் மூளையிலோ நரம்புத் திரளிலோ மட்டும் நடப்பதில்லை. நரம்பும் தசையும் தொடும் இடத்திலேயே பெரும்பகுதி நடந்துவிடுகிறது. அங்கே திருகும் குமிழ் கால்சியம். திருகும் கைகளில் ஒன்று பெப்டைடு, அதாவது ஒருசில அமினோ அமிலங்களைக் கோத்த சிறு சங்கிலி. நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் விடை இதற்குள்தான் இருக்கிறது.

முதலில் கடத்திகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நம் தசையில் அசிட்டைல்கோலின் செய்யும் வேலையை இங்கே குளுட்டமேட் செய்கிறது. தடுக்கும் நரம்பு விடுவது காபா. காபா ஒரு நரம்பியக்கடத்தி என்ற நம்பிக்கை உறுதிப்பட்டதே இந்தப் பிராணிகளால்தான். எர்ன்ஸ்ட் ஃபுளோரி பாலூட்டிகளின் மூளைச்சாற்றில் ஒரு தடுக்கும் பொருள் இருப்பதைக் கிரேஃபிஷின் நீட்சி உணர்விமேல் (தசை இழுபடுவதை உணரும் நரம்பணு) விட்டுப் பார்த்துத்தான் கண்டார். 1957இல் அந்தப் பொருள் காபா என்று தெரிந்தது. பிறகு ஹார்வர்டில் எட்வர்ட் கிராவிட்ஸும் அவருடைய கூட்டாளிகளும், லாப்ஸ்டரின் தடுக்கும் நரம்பைத் தூண்டினால் காபா வெளியேறுவதை 1966இல் காட்டினார்கள். உங்கள் பாடப்புத்தகம் காபாவை மனித மூளை அத்தியாயத்தில் வைத்திருக்கும். கடத்தி என்ற வகையில் அதன் பூர்வீகம் இந்தப் பிராணிகளில்.

இப்போது நரம்பு முனை. கிரேஃபிஷ் தசையை உயிரோடு வைத்திருக்க ஆய்வகங்களில் பயன்படுத்தும் உப்புக் கரைசல் 1936இல் வான் ஹாரவெல்டு வகுத்தது. அதில் ஒரு லிட்டருக்கு 13.5 மில்லிமோல் கால்சியம் இருக்கும். நம் திசுக்களைச் சுற்றியுள்ள திரவத்தில் கட்டுண்டு போகாமல் இருக்கும் கால்சியம் ஒன்றேகால் மில்லிமோலைத் தாண்டுவது அரிது. நரம்பு முனைக்கு உள்ளேயோ, ஓய்வில், அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுகூட இருக்காது. வெளியே இவ்வளவு நெருக்கம் இருப்பதால் ஒரு சேனல், அதாவது சவ்வில் கால்சியம் நுழையும் கதவு, ஒரு மில்லி நொடி திறந்தாலே கால்சியம் உள்ளே பாய்கிறது.

உள்ளே வரும் கால்சியத்துக்கும் வெளியேறும் கடத்திக்கும் உள்ள உறவு நேர்க்கோட்டு உறவு அல்ல. வெளியேற்றம் கால்சியத்தின் மூன்றாம் அல்லது நான்காம் அடுக்கை ஒட்டி ஏறுகிறது. கால்சியம் இரண்டு மடங்கானால் கடத்தி பதினாறு மடங்குவரை கூடலாம். கால்சியம் கால்வாசி குறைந்தால் கடத்தி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே விழலாம். இந்தக் கணக்கை மறந்துவிட்டு இந்தத் துறையின் எந்தக் கட்டுரையையும் படிக்காதீர்கள். சேனலில் ஏற்படும் சிறு மாற்றம் தசையில் பெரிய மாற்றமாகத் தெரிவது இதனால்தான்.

இதை இயற்கையே நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது. விரிக்கும் தசையின் நரம்பில் ஒரே ஒரு மின்துடிப்பு அனுப்பினால் தசையில் கிட்டத்தட்ட எதுவும் தெரியாது. நொடிக்கு இருபது, ஐம்பது என்று தொடர்ந்து அனுப்பினால், ஒவ்வொரு துடிப்பும் முந்தையதைவிடப் பெரிய விளைவைத் தரும். முந்தைய துடிப்பில் நுழைந்த கால்சியம் முழுவதும் வெளியேற்றப்படுவதற்குள் அடுத்தது வந்து அதன்மேல் ஏறுகிறது என்பது இதற்கான அடிப்படை விளக்கம். காட்ஸும் மிலெடியும் 1960களில் தவளையில் சொன்ன இந்த எஞ்சிய கால்சியக் கருத்தை, கலிபோர்னியாவில் ராபர்ட் சக்கரும் பிறரும் கிரேஃபிஷ் நரம்பு முனைக்குள்ளேயே ஒளிரும் சாயம் செலுத்தி அளந்து பார்த்தார்கள்.

இந்தத் தசையை வைத்து ஒரு பெரிய சண்டையும் நடந்தது. கால்சியம் மட்டும் போதாது, சவ்வின் மின்னழுத்த மாற்றமும் கடத்தியை நேரடியாகத் தள்ளிவிடுகிறது என்று இட்ஸாக் பார்னாஸ், யோசெஃப் டூடல் ஆகியோர் வாதிட்டார்கள். 1991இல் மல்கியும் சக்கரும் ஒளி பட்டால் கால்சியத்தை விடுவிக்கும் ஒரு வேதிப்பொருளைக் கிரேஃபிஷ் நரம்பு முனைக்குள் வைத்தார்கள். வெளியிலிருந்து கால்சியம் நுழையும் வழியை அடைத்தார்கள். உள்ளே கால்சியத்தை ஒளியால் உயர்த்திவிட்டு மின்துடிப்பு அனுப்பினார்கள். துடிப்பு எதையும் கூடுதலாகத் தரவில்லை. மின்துடிப்பின் வேலை கதவைத் திறப்பது, அவ்வளவுதான். என் கணிப்பில் இந்தத் துறையின் மிக நேர்த்தியான சோதனைகளில் இது ஒன்று. வாய்ப்புக் கிடைத்தால் மூலக் கட்டுரையைத் தேடிப் படியுங்கள், இரண்டு மூன்று பக்கம்தான்.

அந்தக் கதவு எது? அராக்கே, கிளராக், பூன்யோ ஆகிய மூவரும் 1994இல் ஒவ்வொரு நஞ்சாக விட்டுப் பார்த்தார்கள். புனல்வலைச் சிலந்தி ஒன்றின் ஒமேகா அகாடாக்சின் கிரேஃபிஷில் கடத்தி வெளியேறுவதைத் தடுத்தது. கூம்புச் சங்கின் நஞ்சும், இரத்த அழுத்தத்துக்குத் தரும் நிஃபெடிபினும் தடுக்கவில்லை. பாலூட்டிகளில் இப்படி நடந்துகொள்ளும் சேனலுக்கு, சிறுமூளையின் பர்கின்ஜி செல்லை வைத்து, பி வகை என்று பெயர். ஆகவே கிரேஃபிஷிலும் கிளர்த்தும் முனை, தடுக்கும் முனை இரண்டிலும் பி வகை என்று எழுதினார்கள். இந்தப் பெயரைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகக் கையாளுங்கள். முதுகெலும்பிகளிடம் இந்தக் குடும்பத்தில் மூன்று மரபணுக்கள் உண்டு, பி, என், ஆர் என்ற பிரிவுகள் அவற்றிலிருந்து வருகின்றன. கணுக்காலிகளிடம் பொதுவாக ஒன்றுதான். பழ ஈயில் அதற்குக் காகோஃபனி என்று பெயர். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டின் பெயர்களை ஒற்றைப் பிள்ளை உள்ள வீட்டுக்குச் சூட்டினால் எவ்வளவு பொருந்துமோ அவ்வளவுதான் இதுவும் பொருந்தும்.

காபாவின் தந்திரம் ஒன்றும் இங்கே உண்டு. தடுப்பு என்றால் தசையை அமைதிப்படுத்துவது என்றுதான் நினைப்போம். 1961இல் டூடலும் குஃப்ளரும் கிரேஃபிஷின் விரிக்கும் தசையில் கண்டது வேறு. தடுக்கும் நரம்பு, கிளர்த்தும் நரம்பின் முனைமேலேயே போய் உட்கார்ந்திருக்கிறது. சில மில்லி நொடிகள் முன்னதாக அது காபாவை விட்டால், வரும் மின்துடிப்பு சுருங்கிப்போகிறது, கால்சியம் குறைவாக நுழைகிறது, குளுட்டமேட் குறைகிறது. தசை பேச்சைக் கேட்காமல் இருப்பது ஒன்று, பேசுபவரின் வாயையே பொத்துவது இன்னொன்று. இங்கே இரண்டும் நடக்கின்றன.

இனி பெப்டைடுகள். இவை இரண்டு வழியில் தசைக்கு வந்து சேர்கின்றன. ஒன்று, இயக்க நரம்பணுவே குளுட்டமேட்டோடு சேர்த்துப் பெப்டைடையும் வைத்திருந்து விடுவது. மற்றது இரத்தம். இதயத்தைச் சுற்றியுள்ள பையில் பெரிகார்டியல் உறுப்பு என்ற நரம்பு முனைத் திரள் இருக்கிறது, 1953இல் அலெக்சாண்ட்ரோவிச் விவரித்தது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்திலேயே அது பெப்டைடுகளைக் கலந்துவிடுகிறது. திறந்த இரத்த ஓட்டம் என்பதால் அடுத்த சில துடிப்புகளில் எல்லாத் தசையையும் அது நனைத்துவிடும். ஆனால் எல்லாத் தசையும் ஒரே மாதிரி கேட்பதில்லை.

பெரிகார்டியல் உறுப்பிலிருந்து வந்த ஒன்றுதான் டிஎஃப்2 என்ற பெப்டைடு. கனடாவில் மெர்சியரும் அவருடைய கூட்டாளிகளும் 1993இல் புரோகேம்பரஸிலிருந்து பிரித்த இரண்டு பெப்டைடுகளில் ஒன்று, ஏழு அமினோ அமிலம் நீளம். வால் பகுதி எஃப்எம்ஆர்எஃப்அமைடு குடும்பத்தைச் சேர்ந்தது. 1977இல் பிரைஸும் கிரீன்பெர்க்கும் ஒரு மட்டியிலிருந்து முதலில் பிரித்த குடும்பம் அது. டிஎஃப்2வை வயிற்றுப் பகுதியின் நீட்டும் தசைமேல் மிக நீர்த்த அளவில் விட்டால், நரம்பைத் தூண்டும்போது தசையில் வரும் மின் அலை உயர்கிறது.

உயர்ந்தது நரம்பாலா, தசையாலா? இதைப் பிரித்தறியும் முறையை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள், வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். நரம்பு தூண்டப்படாதபோதும் அங்கொன்று இங்கொன்றாகக் குளுட்டமேட் நிரம்பிய ஒரு நுண்பை தானாக வெடித்துத் தசையில் சின்னஞ்சிறு அலை எழுப்பும். ஒரு பொட்டலம் குளுட்டமேட்டுக்குத் தசை எவ்வளவு பதில் சொல்கிறது என்பதற்கு அதுதான் அளவுகோல். பெப்டைடு விட்ட பிறகும் அந்தச் சிறு அலையின் உயரம் மாறவில்லை. ஆனால் தூண்டும்போது வரும் பெரிய அலை உயர்ந்தது. ஆக, ஒரு துடிப்புக்கு வெளியேறும் பொட்டலங்களின் எண்ணிக்கைதான் கூடியிருக்கிறது. மாற்றம் நரம்பு முனையில். இந்த விளைவு நெடுநேரம் நிற்க புரோட்டீன் கைனேஸ் சி தேவை என்று 1998இல் காட்டினார்கள். கைனேஸ் என்பது மற்றப் புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டி அவற்றின் செயலை மாற்றும் நொதி. கால்சியமும் அதைப் பிடிக்கும் புரதமான கால்மோடுலினும் சேர்ந்து இயக்கும் கைனேஸுக்கும் பங்கு உண்டு என்பது அதற்கு முன்பே, 1995இல் வந்தது.

கடைசிச் செய்தியைக் கவனியுங்கள். பெப்டைடின் கையாளான அந்தக் கைனேஸே கால்சியத்தை நம்பி இருக்கிறது. நரம்பு சும்மா இருந்தால் கையாளுக்கு வேலை இல்லை, நரம்பு பேசினால்தான் உண்டு. கைனேஸ் சேனலை மாற்றி அதிகக் கால்சியத்தை உள்ளே விடலாம், அல்லது அதே கால்சியத்துக்கு வெளியேற்றும் இயந்திரத்தைக் கூர்மையாக்கலாம். இரண்டும் தசையில் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் "பெப்டைடு கடத்தியைக் கூட்டியது, ஆகவே சேனலைத் திறந்தது" என்று குதித்துவிடாதீர்கள். இரண்டாவது வழி வெறும் கற்பனையும் அல்ல. கிரேஃபிஷ் காலின் ஒரு தசையில் சட்டென்று துடிக்கவைக்கும் நரம்பு, மெதுவாக இழுத்துப் பிடிக்கும் நரம்பு இரண்டும் வந்து சேர்கின்றன. முதலாவதன் இணைப்புகள் ஒரு துடிப்புக்கு விடும் கடத்தி மிக மிக அதிகம். ஹெரால்டு ஆட்வுட்டும் சக்கரும் வேறு சிலரும் 2005இல் சொன்னது, வேறுபாட்டின் முக்கியக் காரணம் உள்ளே வரும் கால்சியத்தின் அளவு அல்ல, அதே கால்சியத்துக்கு வெளியேற்ற இயந்திரம் காட்டும் உணர்திறன் என்று.

இனி தசைப் பக்கம். உங்கள் இரண்டாவது கேள்விக்கு இங்கேதான் விடை.

1953இல் ஃபாட்டும் காட்ஸும் நண்டுத் தசையிலிருந்து சோடியத்தை நீக்கிவிட்டு அளந்தார்கள். நரம்பாக இருந்தால் மின்துடிப்பு நின்றிருக்கும். நண்டுத் தசையில் நிற்கவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து ஃபாட்டும் கின்ஸ்பர்க்கும் கிரேஃபிஷில் காரணத்தைச் சொன்னார்கள்: மின்னோட்டத்தைச் சுமப்பது கால்சியம். இன்று உயிரியல் முழுக்கப் பேசப்படும் கால்சியம் சேனல் என்ற கருத்துக்கு இது ஒரு தொடக்கப்புள்ளி. மனித இதயத்தில் அல்ல, மூளையில் அல்ல, நண்டுக் காலில்.

நம் எலும்புத் தசையை வெளியே கால்சியமே இல்லாத கரைசலில் வைத்தாலும் கொஞ்ச நேரம் சுருங்கும், உள்சேமிப்பே போதும். கிரேஃபிஷ் தசை அப்படி இல்லை. வெளியிலிருந்து கொஞ்சம் கால்சியம் நுழைய வேண்டும், அது உள்சேமிப்பைத் தட்டி எழுப்ப வேண்டும். கிட்டத்தட்ட நம் இதயத் தசையின் போக்கு. தசைக்குள் கால்சியம் எழுவதை முதலில் கண்ணால் பார்த்ததும் இந்த வகுப்புப் பிராணியில்தான். படகின் அடியில் ஒட்டி வளரும் கொட்டலசின் பெரிய இனம் ஒன்றில் ஒரு தசைநாரே இரண்டு மில்லிமீட்டர் தடிமன் வரும். 1967இல் ரிட்ஜ்வேயும் ஆஷ்லியும் ஜெல்லிமீனின் ஒளிரும் புரதமான ஏகுவோரினை அதற்குள் செலுத்தித் தூண்டினார்கள். தசை இழுக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பு நார் மினுங்கியது. (கொட்டலசு நண்டின் உறவு என்று சொன்னால் மாணவர்கள் இன்னமும் நம்ப மறுக்கிறார்கள்.)

ஆக, நரம்பு முனையிலிருப்பதும் தசையிலிருப்பதும் ஒன்றல்ல. முனையிலிருப்பது சிலந்தி நஞ்சுக்கு அடங்குவது. தசையில் உள்ள முக்கியமான ஒன்று, நம் இதயத்திலிருக்கும் எல் வகைபோல, நிஃபெடிபின் குடும்பத்து மருந்துகளுக்கு மசிவது. மருந்துகளை வைத்து இரண்டையும் தனித்தனியாக அடைக்கலாம் என்பது ஆய்வாளருக்குப் பெரிய வசதி.

இந்தத் தசைச் சேனலைத் தொடும் பெப்டைடு புராக்டோலின். ஐந்தே அமினோ அமிலம். 1975இல் பிரவுனும் ஸ்டாரட்டும் 1,25,000 கரப்பான் பூச்சிகளை அரைத்து எடுத்தது 180 மைக்ரோகிராம். பிறகு நண்டிலும் லாப்ஸ்டரிலும் கிரேஃபிஷிலும் அது இருப்பது தெரிந்தது. கிரேஃபிஷின் வாலை மடக்கி நிலைநிறுத்தும் மெதுவான தசைக்கு வரும் ஐந்து கிளர்த்தும் நரம்பணுக்களில் மூன்றில் புராக்டோலின் இருக்கிறது. பிஷப், வைன் போன்றவர்கள் 1980களில் இந்தத் தசையில் கண்டதுதான் நான் முதலில் சொன்ன "ஒன்றுமே நடக்காது". புராக்டோலினை மட்டும் விட்டால் தசை அசையவில்லை. ஆனால் அது இருக்கும்போது நரம்பைத் தூண்டினால் இழுவிசை பெரிதும் கூடியது. தசையின் மின் அலை அதற்கேற்பக் கூடவில்லை. குளுட்டமேட் சொன்னது அதே அளவுதான், தசை அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டது. 1991இல் அதே குழு தசைச் சவ்வின் ஒற்றைச் சேனல்களைப் பதிவு செய்து, புராக்டோலின் கால்சியம் சேனலின் செயல்பாட்டைக் கூட்டுவதைக் காட்டியது. மின்னழுத்தம் மாறிச் சேனல் திறக்கும் நிலை வந்தால்தான் கூட்டுவதற்கு ஏதாவது இருக்கும். ஓய்வில் மூடிக் கிடக்கும் கதவை அகலத் திறக்கச் செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன?

பெப்டைடு என்றாலே கூட்டும் என்றும் இல்லை. நண்டின் உறவான ஐடோடியா என்ற கடல் ஐசோபாடில் அலாட்டோஸ்டாட்டின் என்ற பெப்டைடு சுருக்கத்தைக் குறைக்கிறது, நரம்பு முனையிலும் தசையிலும் இரண்டு பக்கமும் கைவைத்து. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸில் ராத்மேயர் குழு 1999இல் வெளியிட்டது. ஒரே தசைக்கு ஏற்றுபவரும் இறக்குபவரும் இருக்கிறார்கள்.

"குளுட்டமேட் இருக்க பெப்டைடு எதற்கு" என்ற முதல் கேள்விக்கும் விடை இதற்குள் வந்துவிட்டது. குளுட்டமேட் சில மில்லி நொடிகளில் வந்து போகும் கட்டளை. பெப்டைடு பல நிமிடங்கள் நிற்கும் சூழல். ஒற்றை நரம்பை வைத்துக்கொண்டு ஓடவும் சண்டை போடவும் மறைந்து கிடக்கவும் வேண்டிய பிராணி, ஒரே கட்டளைக்கு வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு பதிலை இப்படித்தான் பெறுகிறது.

மூன்றாவது கேள்வியில் நான் "சில தசைகளில் சுருங்கும்" என்றதற்கும் சான்று உண்டு. 1980இல் கிராவிட்ஸின் ஆய்வகம் லாப்ஸ்டரின் விரிக்கும் தசையில் அதே புராக்டோலினை மிகக் குறைந்த அளவில் விட்டபோது, நரம்பைத் தொடாமலேயே தசை இழுத்துப் பிடித்துக்கொண்டது. அதே பெப்டைடு, வேறு தசை, வேறு பதில். ஆகவே உங்கள் ஆய்வேட்டுக்கு எந்தத் தசையை எடுத்தாலும், பெப்டைடை நரம்பைத் தூண்டாமல் ஒருமுறை, தூண்டிக்கொண்டே ஒருமுறை, நிஃபெடிபின் சேர்த்து ஒருமுறை என்று மூன்று பதிவு எடுங்கள். இழுவிசையை மட்டும் அளக்காமல் மின் அலையையும் கூடவே பதிவு செய்யுங்கள். இழுவிசை கூடி, மின் அலை அப்படியே நின்றால் தசைப் பக்கம் தேடத் தொடங்கலாம். இரண்டும் சேர்ந்து கூடினால், அந்தச் சின்னஞ்சிறு அலைகளின் உயரத்தை உட்கார்ந்து அளந்துதான் ஆக வேண்டும்.